கோட்டுக்குக் கீழே எழுதியவை

ஜனவரி 9

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். கோபக்காரர்களுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை.

உங்கள் எண்ணுக்கு அடித்தால் மணி போகிறது, பிறகு அறுந்துவிடுகிறது. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், குடும்பம் நடத்தக் கூப்பிடவில்லை. விஷயம் குண்டனைப் பற்றியது.

செய்தவருக்கே சொல்கிறேன், மறந்திருப்பீர்கள். குண்டன் என்பது பழைய பால் கேனை வைத்து நீங்கள் செய்து, அத்தை பெயர் வைத்த வடிகலன். எலுமிச்சைப் புல்லைப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆவி நீளக் குழாயில் போகும். அந்தக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். முனையில் வாசனைத் தண்ணீரும் அதன்மேல் மிதக்கிற எண்ணெயும் சொட்டும். நீங்கள் போன பிறகு அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. துணி தேய்க்கிற கடைக்காரர் தெளிப்பதற்கு வாங்குகிறார், முடி வெட்டுகிற கடையில் இரண்டு பேர் வாங்குகிறார்கள்.

சோற்றில் இப்போது கல். குளிர வைக்கிற தண்ணீர் குழாயிலிருந்து வந்து நேரே சாக்கடைக்குப் போகிறது. ஐந்து பாட்டில் வடிக்க மாடித் தொட்டியே காலி. கீழ் வீட்டு டிரைவர் தலையில் சோப்போடு படியேறி வந்து கத்தினார். நியாயம்தான், நானாக இருந்தால் சோப்புக்கட்டியை எறிந்திருப்பேன். இந்த மாதத்துக்குள் தண்ணீர் வீணாவதை நிறுத்து, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடலாம் என்று நீங்கள் ஒரு காலத்தில் சொன்னீர்கள். எப்படி என்று எழுதினால் போதும். அத்தைக்குப் பத்து நாளாக விலாப்பக்கம் வலி. டாக்டரிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இன்னும் இருப்பவள்

ஜனவரி 20

மகாராணிக்கு,

ஆறு மாதம் கழித்து என் மூளை தேவைப்பட்டிருக்கிறது. கை வேண்டாம், மூளை மட்டும் வேண்டும். நல்லது.

முதலில் ஒரு சட்டம். அந்த அம்மாளைப் பற்றி எனக்கு எழுதாதே. உன்னை ஒரு அறை அறைந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகப் பெற்ற மகனின் பெட்டியைப் படியில் வைத்துக் கதவைச் சாத்தினவள் அவள். விலா வலியோ பல் வலியோ, அது நீங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழ வேண்டிய விஷயம். எழுதாமல் இருக்க உன் கை கேட்காது என்று தெரியும். அதனால் தாளில் ஒரு கோடு போட்டு, அவள் சமாச்சாரத்தைக் கோட்டுக்குக் கீழே எழுது. அந்தக் கோட்டில் கத்தரியை வைத்து வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் படிப்பேன். கோட்டுக்கு மேலே அவள் வந்தால் என்னிடமிருந்து பதில் வராது. இது சத்தியம்.

இப்போது வேலை. பழைய வண்டிச் சாமான் கடையில் ஒரு சின்னக் காரின் ரேடியேட்டர் வாங்கு, காற்றாடியோடு. ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்த்து வாங்கு, கடைக்காரன் சிரித்தான் என்று வாங்காதே. ரேடியேட்டர் இருந்தால் பெரிய டிரம் வேண்டாம், இருபது லிட்டர் வாளி போதும். வாளிக்குள் ஒரு மோட்டார், மீன் தொட்டிக்குப் போடுகிற அளவு, அதற்கு மேல் வேண்டாம். மோட்டாரிலிருந்து குளிர் குழாயின் கீழ் வாய்க்கு ஒரு ரப்பர் குழாய், மேல் வாயிலிருந்து ரேடியேட்டருக்கு, அங்கிருந்து திரும்ப வாளிக்கு. தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். மாற்றி மாட்டினால் குழாய் நிறையாது, ஆவி வெளியே போய் உன் மூக்கைத்தான் குளிப்பாட்டும்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் துரு பிடிக்கும், பாசி அடைக்கும். வண்டிக்கு ஊற்றுகிற பச்சைக் கூலன்ட் வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று. அது விஷம். குடிக்க இனிக்கும், அதுதான் ஆபத்து. பூனை நாய் வாய் வைக்காமல் வாளிக்கு மூடி போட்டுக் கல்லை வை. தொட்டால் கை கழுவு. சுற்றுகிற தண்ணீர் வேறு, வடிகிற தண்ணீர் வேறு, இரண்டும் சந்திக்காது. நடுவில் நான் பற்றவைத்த செம்புக் குழாய் இருக்கிறது. நான் வைத்த பற்று என் ஆயுசுக்கும் நிற்கும்.

பிப்ரவரி 6

உங்கள் சட்டப்படி எழுதுகிறேன். ஸ்கேல் வைத்தே கோடு போட்டிருக்கிறேன், கத்தரி வழுக்காது.

ரேடியேட்டர் கிடைத்தது. கடைக்காரன் சிரிக்கவில்லை, "புருஷன் வரலையா?" என்று மட்டும் கேட்டான். வந்தவள் போதாதா என்றேன். நீங்கள் சொன்ன சின்ன மோட்டார் இல்லை, அதற்கு இரண்டு அளவு பெரியதுதான் இருந்தது. மாட்டிவிட்டேன். தண்ணீர் சீறிக்கொண்டு சுற்றுகிறது. குழாயைத் திறக்கவே இல்லை, சாக்கடைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. வீட்டுக்காரர் வந்து வாளியையும் காற்றாடியையும் கோயில் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார். கீழ் வீட்டு டிரைவர் இப்போது என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுகிறார், சோப்பு இல்லாத தலை.

பச்சைக் கூலன்ட் வாளிக்கு மூடி போட்டு அம்மிக்கல் வைத்திருக்கிறேன். அந்த மட்டில் உங்களுக்கு நன்றி.

————————————————

அத்தையை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகத்தில் கல். இந்தக் கட்டடத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், அதுதான் காரணமாம். உப்பில்லாத தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே அத்தை குண்டனைக் காட்டினார். "காய்ச்சி வடிச்ச தண்ணியில ஏதுடி உப்பு? வாசனையும் இருக்கு. நம்ம வீட்டு மருந்துக்கடை அவன்தான்" என்றார். காலையும் மாலையும் ஒரு டம்ளர் கொடுக்கிறேன்.

"இதை எழுது. அவன் வெட்டுறேன்னு சொல்லுவான். வெட்ட மாட்டான். படிப்பான்" என்கிறார்.

பிப்ரவரி 15

மகாராணிக்கு,

வெட்டினேன். ஸ்கேல் வைத்துப் போட்டதால் சுத்தமாக வந்தது. இந்த ஒரு விஷயத்தில் உனக்கு நேர்மை உண்டு.

கீழ்த் துண்டை எறியவில்லை, படிக்கவும் இல்லை. பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது, அதில் போட்டு மூடிவிட்டேன். அவள் வாயால் "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ" என்ற நாளில் டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கிறேன். அதுவரை அது பிஸ்கட்.

பெரிய மோட்டார் வாங்கினாயா? நான் ஒன்று சொன்னால் அதற்கு மேல் இரண்டு படி ஏறுவதுதானே உன் குணம். அடங்காதவளுக்கு அடங்காத மோட்டார். ஓடும்வரை ஓடட்டும்.

இங்கே குளிர்பதனக் கிடங்கில் மீனுக்கு நடுவில் நிற்கிறேன். மீன் பேசாது. அதனால் வேலை பிடித்திருக்கிறது.

மார்ச் 4

ஒரு நல்ல செய்தி, ஒரு சந்தேகம்.

நல்ல செய்தி உங்களுக்குக் கசக்கும். அதே அளவு புல், அதே அளவு தண்ணீர், ஐந்து பாட்டில் வந்த இடத்தில் இப்போது ஐந்தரைக்கு மேல் வருகிறது. நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முறைத்த காலத்தில் ஒருநாளும் இவ்வளவு இறங்கியதில்லை. குண்டனுக்கும் உங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சந்தேகம் இது. வடிகிற தண்ணீர் லேசாகப் பச்சை தட்டுகிறது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். புல்லின் நிறம் இறங்குகிறதா? வாளியிலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று டம்ளர் குறைகிறது. சூட்டில் வற்றுகிறதா? குழாய் வேலை எல்லாம் நீங்கள் செய்தது. எனக்குப் புல் திணிக்கவும் பாட்டில் கழுவவும்தான் தெரியும். சரியா தப்பா என்று ஒரு வரி எழுதுங்கள். தப்பு என்றால் நிறுத்திவிடுகிறேன்.

————————————————

அத்தைக்கு வலி குறைந்த மாதிரி இருந்தது. இந்த வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார். தண்ணீர் மட்டும் ஆசையாகக் குடிக்கிறார். "இப்போ வர்ற தண்ணி இனிக்குதுடி. சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார். நல்ல தண்ணீர் என்றால் இனிக்கத்தானே செய்யும், உப்புத் தண்ணீர் குடித்த நாக்கு என்றேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் மறைக்கவில்லை. டப்பா விஷயம் உட்பட படித்தேன். கேட்டு முடித்ததும், எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "கதவைச் சாத்தினது தப்புதான்டா. நீ அவளை அடிச்சதும் தப்பு. ஆனா நான் சாத்தினது தப்பு. மன்னிச்சுக்கோ. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ."

இதைக் கோட்டுக்கு மேலே எழுதட்டுமா, அப்போதுதான் கண்ணில் படும் என்று கேட்டேன். "வேண்டாம், கீழேயே எழுது. அம்மா என்ன சொல்றாள்னு பார்க்கக்கூட மனசில்லாதவன் எனக்கு எதுக்கு?" என்றார். எனக்கு அவரோடு வாதாடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மார்ச் 13

மகாராணிக்கு,

பச்சையா? பரவாயில்லை. புல்லில் சத்து இருந்தால் நிறம் இறங்கும். ஐந்தரைப் பாட்டில் வருகிறது என்றால் அது உன் கைராசி. நான் இருந்தவரை அந்த ராசிக்கு வழிவிடவில்லை போலிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

வாளியில் குறைவது சூட்டில் வற்றுவதுதான். குறையக் குறைய நிரப்பு. வெறும் தண்ணீர் ஊற்றாதே, கூலன்ட்டும் சேர்த்து ஊற்று. பச்சை நிறம் வெளுக்கவே கூடாது.

நிறுத்தாதே. நன்றாகப் போகிற வண்டியை யாராவது நிறுத்துவார்களா?

துண்டு டப்பாவில் இருக்கிறது.

மார்ச் 30

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அந்தக் கைராசிதான். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

சொன்னபடியே கூலன்ட் சேர்த்து நிரப்புகிறேன். ஒரு பெரிய விடுதியில் கைத் துண்டுகளுக்குத் தெளிக்க வாரம் நாற்பது பாட்டில் கேட்டிருக்கிறார்கள். ஆர்டர் போட்ட அம்மாள் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றாள். வீட்டுக்காரர் என்று சொன்னேன். அவள் வாடகை வாங்குகிற வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை, ஆனால் உங்களைத்தான் சொன்னேன்.

இந்த ஒரு தடவையாவது ஃபோனை எடுங்கள். காரணத்தை மேலே எழுத முடியாது. உங்கள் சத்தியம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

————————————————

தயவுசெய்து இதைப் படியுங்கள். அத்தைக்கு முடியவில்லை. நடந்தால் குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறார். வாந்தி நிற்கவில்லை. முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. சிறுநீர் சரியாகப் போகவில்லை. கல் அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் நிறையத் தண்ணீர் கொடு, உப்பில்லாததாகக் கொடு என்றார். இரண்டு டம்ளராக இருந்ததை நான்காக்கிவிட்டேன். வாந்தி வந்தாலும் அந்தத் தண்ணீரை மட்டும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இனிப்பாக இருக்கிறதாம்.

என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவன் வர்றேன்னு எழுதலையா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவு கேட்டிருக்கிறார் என்றேன்.

ஏப்ரல் 10

மகாராணிக்கு,

வாரம் நாற்பது பாட்டிலா! போதும், இதற்கு மேல் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ ஏணியில் இவ்வளவு உயரம் ஏறினது போதும், இப்போது ஏணியை எடுக்கிறேன்.

நிறம் ஆவியோடு ஏறாது. பச்சைப் புல்லைப் போடு, கருப்பு மையைப் போடு, வடிகிற தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் வரும். கேனைத் தொட்டவனுக்கெல்லாம் இது தெரியும், உன்னைத் தவிர. உன் தண்ணீர் பச்சையாக வருவதற்கும், அரைப் பாட்டில் கூட வருவதற்கும், வாளி குறைவதற்கும் ஒரே காரணம். நீ மாட்டிய பெரிய மோட்டாரின் அழுத்தத்தில் செம்புக் குழாயின் பற்று ஊசி முனை அளவு விட்டிருக்கிறது. வாளியில் இருக்கிற கூலன்ட் குழாய்க்குள் புகுந்து பாட்டிலில் இறங்குகிறது. மார்ச் மாதம் உன் கடிதத்தைப் பிரித்தபோதே எனக்குத் தெரியும். படித்து வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவன் என்ன விஷயம் என்று கேட்டான். கைராசி என்றேன்.

நீ விற்றது வாசனைத் தண்ணீர் இல்லை, வண்டித் தண்ணீர். துணியில் தெளிக்கிறார்கள், கையைத் துடைக்கிறார்கள், யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் விடுதிக்காரிக்குத் தெரிந்தால் உன் பெயர் நாறும். தெரிய வைக்க நான் ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதட்டுமா வேண்டாமா என்று உனக்குத் தூக்கம் வராமல் இருக்கட்டும். என் பெட்டியைப் படியில் வைத்த அன்றைக்கு எனக்கும் வரவில்லை.

இன்னொரு விஷயம். என்னை இங்கே மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள். தரைத்தளத்தில் ஒரு அறை எடுத்திருக்கிறேன், படி ஏற வேண்டாம், ஜன்னலில் வெயில் வருகிறது. கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கிறது. அந்த அம்மாளை, சரி, அம்மாவை, அடுத்த மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் என்று சொல். டப்பாவை இன்னும் திறக்கவில்லை. அவளே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டட்டும். அவள் படித்தால்தான் நன்றாக இருக்கும், சின்ன வயதில் எனக்குச் செய்தித்தாள் அப்படித்தான் படித்துக் காட்டுவாள்.

இனிமேல் கோடு போட வேண்டாம்.

ஏப்ரல் 21

————————————————

கோடு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பழக்கம், போட்டுவிட்டேன். இந்தத் தாள் முழுக்கக் கீழே உள்ளதுதான்.

உங்கள் கடிதம் வந்தபோது அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன, இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கல்லுக்கு இவ்வளவு வேகம் கிடையாதே, என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று டாக்டர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். சுத்தமான தண்ணீர்தான் என்று நானும் மாறி மாறிச் சொன்னேன். வெளித் தண்ணீர் எதற்கு என்று அங்கேயும் அதையே பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை வராந்தாவில் நின்று பிரித்தேன். செம்புக் குழாய், பற்று, பாட்டில் என்று படித்துக்கொண்டு போனேன். பாதியில் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அத்தைக்கு நினைவு தெளிந்தது. அவன் கடிதம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். படி என்றார். கடைசிப் பகுதியை மட்டும் படித்திருக்கலாம். தரைத்தள அறை, ஜன்னல் வெயில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதை மட்டும் படித்திருந்தால் சந்தோஷமாகக் கண்ணை மூடியிருப்பார். எனக்குத் தெரியும். ஆனால் நான் முழுவதும் படித்தேன். முதல் வரியிலிருந்து, நீங்கள் சிரித்தது, பக்கத்தில் இருந்தவன் கேட்டது, எல்லாம். எங்கே வெட்டுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். அன்றைக்கு வெட்ட எனக்கு மனசில்லை.

அவர் உங்களைத் திட்டவில்லை. தண்ணீரைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ நான் சொன்னது எதையும் அவன் படிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். படிக்கவில்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு என்னிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

உங்கள் எண்ணுக்கு அடித்தேன். மணி போனது. எல்லாம் முடிந்துவிட்டது. வர வேண்டாம்.

என் கையால்தான் கொடுத்தேன், டம்ளர் டம்ளராக. அதை நான் சுமந்துகொள்கிறேன், உங்களிடம் பங்கு கேட்கவில்லை. விடுதிக்கும் மற்ற கடைகளுக்கும் நானே போய்ச் சொல்லிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். நீங்கள் அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதம் உங்களுக்கு மிச்சம். குண்டனைப் பழைய சாமான் கடைக்காரன் வந்து தூக்கிப் போனான். வாளி இன்னும் மூடியோடு இருக்கிறது, எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

உங்கள் டப்பாவில் மூன்று துண்டுகள் இருக்கும். படித்துக் காட்ட ஆள் வராது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டில் அவர் ஏன் அந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று இருக்கிறது. இரண்டாவதில் அது இனிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழேயே நீங்கள் கேட்ட மன்னிப்பும் இருக்கிறது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அந்தத் தாளின் மேல் பாதியில் நான் பச்சை நிறம் ஏன் என்று கேட்டிருந்தேன், நீங்கள் சிரித்த பாதி அதுதான்.

இதையும் அந்த டப்பாவிலேயே போடுங்கள். கோட்டை மேலேயே போட்டிருக்கிறேன், கத்தரி தேவைப்படாது.